பெருவிரல் படாத வெள்ளி

எல்லர்ஸ்லி, ஒக்லாந்து
2 பெப்ரவரி 1986

அன்பும் அறிவும் நாலு முழ நாக்கும் படைத்த மருமகள் ரதிதேவிக்கு,

தென்துருவத்துக்கு இரண்டு தெரு இப்பால், வெள்ளி டொலர் மாளிகையின் தலைமைக் காவலதிபதி, உன் மாமன் கதிர்காமநாதன் எழுதுவது. என் தேகம் வச்சிரம். இந்த நாட்டுப் பாலும் வெண்ணெயும் என்னைக் கட்டிவிட்ட கட்டுக்கு, நான் பலமாக மூச்சு விட்டால் அடுத்த வீட்டுக் கோழிகள் ஒருக்களித்துப் படுக்கின்றன. உன் சுகமும் என் அக்கா யோகராணியின் முழங்கால் சுகமும் தெரியாமல் எனக்கு இங்கே சோறு இறங்குவதில்லை. இரண்டு கோப்பைக்கு மேல் இறங்குவதில்லை.

யாழ்தேவி ரெயிலில் இருபது வருஷம் கார்ட்டாக நின்று பச்சைக்கொடி காட்டிய என்னை, எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அகதி முகாமின் சீமெந்துத் தரையிலிருந்து தூக்கி எடுத்தவர் பல் டாக்டர் தவராசா. நமக்கு மூன்று கிளை தள்ளிய உறவு. அவர் வீட்டில் நான் வேலைக்காரன் என்று கொழும்பில் யாரோ கதைத்ததாக எழுதியிருந்தாய். சொன்னவனின் நாக்கில் வேப்பெண்ணெய் வார். நான் பொக்கிஷ பாலகன்.

பொக்கிஷம் என்னவென்று கேள். அமெரிக்க வெள்ளி டொலர். நூற்றுச் சொச்சம், ஒவ்வொன்றும் ஒரு சின்ன அப்பளம் அளவு. ஒரு பக்கம் ஒரு சீமாட்டியின் முகம். பிலடெல்பியா நகரத்துப் பள்ளி ஆசிரியை ஒருத்தி அசையாமல் இருந்து கொடுத்த முகமாம். மறு பக்கம் கழுகு. கழுகின் கீழே சீ, சீ என்று இரண்டு எழுத்து இருந்தால், காசன் சிற்றி என்ற பாலைவன ஊரில் அடித்தது. அதைக் கண்டால் டாக்டருக்கு வேர்க்கும்.

இவற்றை ஓரத்தில்தான் பிடிக்கலாம். முகத்தில் பெருவிரல் பட்டால் அந்த ரேகை பேரப்பிள்ளை காலத்திலும் போகாது. தும்மக் கூடாது. மினுக்கவோ கூடவே கூடாது. நாணயம் சேகரிப்பவர்கள், தேய்த்து மினுக்கிய ஒன்றைப் பிரேதம் போலப் பார்ப்பார்கள். பிறகு அது வெறும் வெள்ளிக்குத்தான் போகும். என்னை நம்பி இதையெல்லாம் விட்டிருக்கிறார் என்றால், என் அந்தஸ்தை நீயே யோசித்துக்கொள்.

அக்காவின் காலுக்கு என் நமஸ்காரம், முழங்காலுக்குத் தனியாக இன்னொன்று.

உன் மாமன்,
கதிர்காமநாதன்

---

வெள்ளவத்தை, கொழும்பு
1 மார்ச் 1986

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். இந்த ஊரில் இப்போது அதையே சுகம் என்று எழுதலாம். அம்மாவின் முழங்கால் உங்கள் தனி நமஸ்காரத்தைப் பெற்றுக்கொண்டு அப்படியே வீங்கி இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டா. "என்ரை தம்பி அமெரிக்காக் காசுக்கெல்லாம் மனேஜர்" என்று மீன்காரனுக்கும் சொன்னா. அவன் அன்றைக்கு விலையைக் கூட்டிப்போட்டான்.

ஒரு செய்தி. ஒக்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதிமார் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இங்கே இரவு வேலை முடித்து வரும்போது ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை நீட்டி, ஊர் எது, ஏன் இங்கே, யாரோடு இருக்கிறாய் என்று பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்துவிட்டது. எங்கள் அறையும் நாலு பேருக்குப் பங்கு. கிடைத்தால் வருவேன்.

மாமா, ஒக்லாந்தில் கடல் நாலு பக்கமும் என்கிறார்களே, அது என்ன நிறம்? காலிமுகம் மாதிரியா, காங்கேசன்துறை மாதிரியா? அதைப்பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே. பச்சைக்கொடி காட்டிய கைக்கு என் வணக்கம்.

அன்பு மருமகள்,
ரதி

---

எல்லர்ஸ்லி
20 மார்ச் 1986

வெள்ளவத்தை மகாராணி ரதிதேவியின் சமூகத்துக்கு,

நான் சுகம், சூரியன் சுகம், எதிரே தெரியும் மலை சுகம். அந்த மலையில் ஒற்றை மரம் ஒன்று நிற்கிறது. காலையில் நான்தான் அதற்குக் குட்மோர்னிங் சொல்வது. நீயும் அக்காவும் அந்த மரம் போல் நிமிர்ந்து இருக்க வேண்டும்.

இங்கே குதிரைப் பந்தயத் திடல் பக்கத்தில். சனிக்கிழமைகளில் ஒலிபெருக்கிச் சத்தம் சமையலறை வரை வரும். நான் கத்தரிக்காய் வெட்டியபடி ஒவ்வொரு குதிரையிலும் என் ராச்சியத்தின் பாதியைப் பந்தயம் கட்டுவேன். இதுவரை பதினாறு ராச்சியம் போய்விட்டது.

டொலர் சரித்திரம் கேள். அமெரிக்காவில் ஒரு காலம் வெள்ளிச் சுரங்கக்காரரைக் குளிர்விக்கச் சட்டம் போட்டு, மாதாமாதம் வெள்ளி வாங்கி நாணயம் அடித்துத் தள்ளினார்கள். சனங்கள் கனம் என்று பையில் போட மறுத்தார்கள். ஆகவே ஆயிரம் ஆயிரமாகச் சாக்கில் கட்டி நிலவறையில் போட்டார்கள். சீமாட்டி எழுபது எண்பது வருஷம் இருட்டில் கிடந்தாள். ஒரு பாண் வாங்கவில்லை, ஒரு பஸ் ஏறவில்லை. இப்போது அதுதான் அவள் பெருமையாம். எவர் கையும் படாதவள் என்று, கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, அரசாங்கமே தபாலில் விற்றது. டாக்டர் தினமும் அந்தியில் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். திறக்கமாட்டார்.

அடுத்த வீட்டு லச்மி கடிதம் வாங்க ஜன்னலடியில் நிற்கிறாள். பீஜியில் பிறந்தவள், சான்ட்ரிங்ஹாமில் பாலும் பாணும் பேப்பரும் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறாள், இங்கே அதை டெய்ரி என்பார்கள். "அண்ணா, லெட்டர் இருந்தா சீக்கிரம் குடுங்க, பஸ் போயிடும்" என்கிறாள். முடிக்கிறேன்.

உன் விண்ணப்பம் வெல்ல ஒற்றை மரத்துக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன்.

மாமன்

---

வெள்ளவத்தை
24 மே 1986

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த மாதம் குண்டு வெடித்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு ஒன்றுமில்லை. பக்கத்து அறைப் பெடியனைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். உங்கள் உடம்பைக் கவனியுங்கள். அம்மா இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறா.

மாமா, வேலை கிடைத்துவிட்டது. கடிதம் கையில் இருக்கிறது. ஒக்டோபரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அம்மா ஒரு பிடி பிடித்தா. "கலியாணம் கட்டாத பொம்பிளைப் பிள்ளை, தெரியாத தேசத்திலை பெட்டியோடை தனிய நிக்கிறதோ? தம்பி ஏர்போட்டுக்கு வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறான் எண்டால் போ. இல்லாட்டி இஞ்சையே கிட." அவவின் குணம் தெரியும்தானே. நீங்கள் வருவேன் என்று ஒரு வரி எழுதிவிட்டால் பயணச்சீட்டு எடுத்துவிடுவேன்.

அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கும்
ரதி

---

எல்லர்ஸ்லி
15 ஜூன் 1986

வெற்றித்திருமகள் ரதிதேவிக்கு,

உன் செய்தி கேட்டு நான் போட்ட கூத்தில் இந்த வீட்டு மரத்தளம் ஒரு அங்குலம் இறங்கிவிட்டது. தேக சுகத்துக்குக் குறைவில்லை. குளிருக்கு நான் போடும் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீரிமலைக்குப் போட்டியாக ஒரு மலை எழும்பும். அக்காவைச் சுவரைவிட்டு மெதுவாக நடக்கச் சொல்.

சந்தோஷத்தில் இன்னொரு சரித்திரம். முதலாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கா அந்த நிலவறை டொலர்களில் இருபத்தேழு கோடியை உருக்கியது. பெரும்பகுதி வெள்ளிக் கட்டியாகக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது, ரூபாய் அடிக்க. யோசித்துப் பார். ஒரு சாக்கு அங்கேயே கிடந்து எண்பது வருஷம் இருட்டைத் தின்றது. பக்கத்துச் சாக்கு உருகி, கடல் தாண்டி, ரூபாயாகி, கத்தரிக்காய் வாங்கி, சீட்டாட்டத்தில் தோற்று, கடைசியில் யாரோ ஒரு பெண்ணின் காலில் கொலுசாகக் கிடந்து தாலாட்டுக் கேட்டது. இதில் எது பாக்கியசாலி என்று டாக்டரைக் கேட்டேன். "உருகினதுக்கு என்ன பெறுமதி, அண்ணை" என்றார்.

மிச்சம் பிறகு. லச்மி வந்துவிட்டாள்.

மாமன்

---

வெள்ளவத்தை
5 ஜூலை 1986

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். சுகம்தானே? இருபத்தேழு கோடி நாணயம் எங்கே போனது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏர்போட்டுக்கு வருவீர்களா என்று எழுதவில்லை.

அம்மா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒட்டிய மடிப்புக்குள்ளும் பார்த்தா.

ரதி

---

எல்லர்ஸ்லி
16 ஓகஸ்ட் 1986

அன்பு மருமகளுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கொஞ்சம் தடிமல், கொஞ்சம் ராச்சியப் பொறுப்பு. நீங்கள் இருவரும் சுகம் என்றே நினைக்கிறேன்.

இந்த ஊர் டாக்சிகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அவை டாக்சி அல்ல, புஷ்பக விமானங்கள். சாரதிகள் சங்கரர் கோயில் குருக்களைப்போல மரியாதைக்காரர். ஏறி இருந்து விலாசத்தைக் காட்டினால் வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள். லச்மியும் தன் கடையைப் பூட்ட முடிந்தால் பார்ப்பதாகச் சொல்கிறாள்.

அக்காவிடம் இதைப் பக்குவமாகச் சொல்.

மாமன்

---

வெள்ளவத்தை
30 ஓகஸ்ட் 1986

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நித்திரை. அவவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் சுகத்தை இன்றைக்கு உண்மையாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்து வாசித்தேன். ஒற்றை மரம், ஜன்னலால் தெரிகிறது. பந்தயச் சத்தம், சமையலறைக்குக் கேட்கிறது. லச்மி, ஜன்னலடியில் நின்று கடிதம் வாங்குகிறாள். நாலு கடிதத்திலும் நீங்கள் ஒரு தெருவைக் கடக்கவில்லை, ஒரு பஸ் ஏறவில்லை. நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில் கடல் என்ன நிறம் என்று கேட்டதற்குக் குதிரையைப் பற்றி எழுதினீர்கள். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ரெயிலில் தொங்கிக்கொண்டு போய்வந்த மனிசன் நீங்கள்.

மாமா, அவர்கள் உங்களை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்களா?

நீங்கள் வராவிட்டால் நான் வர முடியாது. அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வரலாம், ஆனால் நீங்கள் உள்ளே இருக்க நான் அந்த ஊரில் எப்படி நடப்பது? ஒக்டோபர் 22, புதன்கிழமை காலை வரும் விமானத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். அடுத்த மாத முடிவுக்குள் ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். மறுமொழியில் ஒரு டொலரும் வேண்டாம்.

ரதி

---

எல்லர்ஸ்லி
14 செப்ரெம்பர் 1986

என் கண்ணான மருமகளுக்கு,

நீ தாதி வேலைக்குப் போகாமல் பொலிசுக்குப் போயிருக்க வேண்டும்.

ஓம். காலையில் டாக்டர் கிளினிக்குக்கும் அவர் மனைவி புஷ்பவதி துணிக்கடைக்கும் போகும்போது வெளியே பூட்டுவார்கள். மூன்று பூட்டு. உள்ளே இருந்தும் திறப்பு இல்லாமல் திறக்காத பூட்டு; திறப்பு டாக்டரின் சட்டைப்பையில். ஞாயிறில் அவர்கள் வெளியே போனாலும் நான் காவல். வீடு வெறுமையாகக் கிடந்து களவு போனால் காப்புறுதிக் கம்பனி கைவிரித்துவிடுமாம். வந்த அன்று ஏர்போட்டிலிருந்து காரில் வந்தேன், இருட்டு. அதுதான் நான் பார்த்த ஒக்லாந்து. கடலின் நிறம் எனக்குத் தெரியாது, பிள்ளை.

அவர் கெட்டவர் அல்லர். கோழிக்கறியில் பெரிய துண்டை எனக்குத்தான் வைப்பார். உன் விஷயத்தை இரண்டு தரம் கேட்டேன். "புதன்கிழமை எனக்குக் கிளினிக், அண்ணை. பிள்ளைக்கு டாக்சி இருக்குத்தானே" என்றார்.

ஜன்னலால் குதிக்கலாம். கீழே ரோசாச் செடிதான், என் உடம்புக்கு அது பஞ்சு மெத்தை. ஆனால் முகாமில் வயிற்றோட்டத்தில் கிடந்தவனைத் தூக்கி எடுத்த மனிசனை விட்டு ஓடினால் நன்றி கெட்டவன் என்ற பெயர் லண்டன், கனடா, யாழ்ப்பாணம் எல்லாம் சுற்றி உன் அம்மாவின் வாசலுக்கு வந்து சேரும். என்னால் ஓட முடியாது. அவர் போ என்றால் போகலாம். அவர் சொல்லமாட்டார். நான் அவ்வளவு நல்ல காவல்காரன்.

வீட்டு விசேஷம் ஒன்று. வருகிற நவராத்திரியில் லட்சுமி பூசையன்று ஊரில் உள்ள தமிழ்க் குடும்பங்களை எல்லாம் அழைக்கிறா புஷ்பவதி. வீட்டுச் செல்வத்தை லட்சுமி படத்துக்கு முன் வைக்க வேண்டுமாம். "பிளாஸ்டிக் பெட்டியோடை சாமிக்கு வைக்கிறதோ? எடுத்துத் தட்டத்திலை பரப்புங்கோ" என்றா. டாக்டருக்கு மூச்சு முட்டியது. யார் யார் வருகிறார்கள் என்று கேட்டதும் மூச்சு திரும்பி வந்தது. அதில் இரண்டு டாக்டரும் ஒரு கணக்காளரும் உண்டு. பூசையன்று அவர் கிளினிக்கால் நேரே வருவார். புஷ்பவதி அலுமாரித் திறப்பை என்னிடம் தருவா. என்னைக் கூப்பிட்டுச் சொன்னது: "அண்ணை, சாமிக்கு வைக்கிற வெள்ளி ஒண்டும் மங்கிக் கிடக்கப்படாது. எல்லாத்தையும் வடிவா மினுக்கி வையுங்கோ."

நான் சொன்னால் சொன்னபடி செய்கிறவன்.

பயணச்சீட்டை எடு. நான் ஏர்போட்டில் நிற்பேன் என்று அக்காவிடம் சொல். குளிருக்குத் தடித்த சட்டை ஒன்று கொண்டுவா.

உன் மாமன்,
கதிர்காமநாதன்

---

வெள்ளவத்தை
27 செப்ரெம்பர் 1986

அன்புள்ள மாமாவுக்கு,

சீட்டு எடுத்தாயிற்று. அம்மா உங்களுக்கு என்று மிளகாய்த்தூள் வறுத்து இடிப்பிக்கிறா. சுவரை விட்டுவிட்டு நடக்கிறா. வீடு முழுக்கத் தும்மல்.

மாமா, உங்கள் கடைசிக் கடிதத்தை வாசித்தபிறகு முதல் கடிதத்தை எடுத்து வாசித்தேன். வெள்ளி டொலரை மினுக்கக் கூடவே கூடாது என்று எழுதியவர் நீங்கள்தான். வயசு போனால் மறதி வரும். நினைவுபடுத்த வேண்டியது என் கடமை. நினைவுபடுத்திவிட்டேன். இந்தக் கடிதம் பூசைக்கு முன்னம் வந்து சேருமோ தெரியாது.

நீங்கள் அங்கே நிற்காவிட்டால் என் பயணப் பெட்டியின் மேல் ஏறி இருந்துகொள்வேன். நீங்கள் வரும்வரை எழும்பமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

ரதி

---

சான்ட்ரிங்ஹாம், லச்மியின் டெய்ரிக்குப் பின் அறை
21 ஒக்டோபர் 1986

என் அருமை மருமகளுக்கு,

தபால்தலை ஒட்டாத கடிதம் இது. நாளை காலை உன் கையில் தருவதற்கு எழுதுகிறேன். உன்னைக் கண்டவுடன் எனக்குக் கதை வராது. இருபது வருஷம் விசில் ஊதிய வாய், நல்ல நேரத்தில் அடைத்துக்கொள்ளும். ஆகவே சுகம் விசாரிப்பதையும் இதிலேயே முடிக்கிறேன். நான் சுகம். நீ இளைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, அடுத்த அறையில் பால் இருக்கிறது.

உன் கடிதம் பூசை முடிந்து நாலு நாள் கழித்துத்தான் லச்மி மூலம் என் கைக்கு வந்தது. என்ன செய்வது, தபால்.

நடந்தது இதுதான். லட்சுமி பூசையன்று காலையிலேயே குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு குந்தினேன். பிறகு அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாக உடைத்தேன். நூறு வருஷத்துக்குப் பிறகு சீமாட்டி மூச்சு விட்டாள். எங்கள் சனம் சாமிக்கு வைக்கும் வெள்ளியை எப்படி வைக்குமோ அப்படியே, திருநீறு போட்டு, பிடிவாதமான இடத்துக்குக் கொஞ்சம் பழப்புளியும் போட்டு, பழைய சீலைத் துண்டால் தேய்த்தேன். தேய்த்த தேய்ப்பில் கழுகுகளுக்குக் காய்ச்சல் வந்திருக்கும். பின்னேரம் தட்டத்தில் பரப்பியபோது, ஒற்றை மரத்தில் இருந்து பார்த்தாலும் கண் கூசியிருக்கும்.

விருந்தினர் வந்தார்கள். கணக்காளரின் மனைவி, "என்ன வடிவு, இப்பதான் கடையிலை எடுத்ததோ?" என்றா. அந்த நேரம் டாக்டர் உள்ளே வந்தார்.

"அண்ணை, என்ன செய்தனீங்கள்?"

"மினுக்கினனான், டாக்டர். திருநீறுதான், ஒரு கெமிக்கலும் போடேல்லை."

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான்" என்றா புஷ்பவதி. "சாமிக்கு வைக்கிற வெள்ளியை ஊத்தையோடை வைக்கிறதோ? கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ, ஆக்கள் நிக்கினம்." சொல்லும்போது அவவின் வாயோரம் சிரித்தது போல இருந்தது. எனக்குக் கண் அவ்வளவு தெளிவில்லை.

டாக்டர் வாசலைக் காட்டி, "வெளியிலை போங்கோ" என்றார். நான் நல்ல காவல்காரன் அல்லவா, உத்தரவைச் சரிபார்த்தேன். "போகச் சொல்லுறியளோ, டாக்டர்?" "ஓம், போங்கோ." இரண்டு டாக்டரும் ஒரு கணக்காளரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். உள்ளே வந்ததும் பழக்கத்தில் பூட்டிவிட்ட மூன்று பூட்டையும் அவரே தன் கையால் திறந்தார்.

செருப்பைப் போடும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் தட்டத்துக்கு முன் நிலத்தில் குந்தி, ஒரு டொலரைக் கையில் எடுத்து, பெருவிரலால் அதன் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். டாக்டரின் முகத்தைப் பெருப்பித்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

தவறுதலாக நடந்துவிட்டது. உன் அம்மாவுக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உனக்கும் அப்படியே எழுதுகிறேன்.

மறுநாள் புஷ்பவதி என் சட்டைகள், பாஸ்போட், ஒரு திருநீற்றுப் பொட்டலம், பூசைத் தட்டத்திலிருந்து ஒரு டொலர், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு லச்மியிடம் கொடுத்தனுப்பினா. அந்த நாள் முதல் நான் பஸ் ஏறுகிறேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்குவதில்லை. நேற்று ஒத்திகைக்கு ஏர்போட் வரை போய், நீ வரப்போகும் கதவு எது என்று பார்த்து வைத்தேன். காவலாளி என்னை இரண்டு தரம் பார்த்தான். நானும் அவனைத் தொழில்முறையில் பார்த்தேன். போகும் வழியில் ஒரு பாலத்தில் பஸ் ஏறியது. வலது பக்கம் அகலமாக ஏதோ மினுங்கியது. நான் முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்த டொலர் இந்த உறைக்குள் இருக்கிறது. இனி அதற்கு வெள்ளியின் விலைதான். ஓரத்தில் பிடிக்காதே. உள்ளங்கையில் வைத்து, சீமாட்டியின் கன்னத்தில் உன் பெருவிரலை நன்றாக அழுத்து.

அழுத்தியாயிற்றா? பெட்டியை என்னிடம் தா. திரும்பும் பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் உனக்கு. அது என்ன நிறம் என்று நீ பார்த்துச் சொல்.

உன் மாமன்,
கதிர்காமநாதன்